ஆடாத படம்

"தெரியுதா?"

"தெரியல!"

"இப்ப?"

"இப்பவும் இல்ல!"

மாடியிலிருந்து ஒரு குரல், வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்திய பொன்னுராஜுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வயதிலும் புருஷனும் பெண்டாட்டியும் தெருவுக்கே கேட்கிற மாதிரி என்ன கலகலப்பு!

சிரிப்பு நிலைக்கவில்லை. அனுமந்தன்பட்டிக்கு இந்த மாதத்தில் இது நாலாவது நடை. பழைய டி.வி.க்களை வாங்கிச் சரிபார்த்து விற்கும் ஏசுதாசனின் உத்தமபாளையம் கடையில் அவன் மெக்கானிக். கிளம்பும்போது முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

"படம் ஆடுதுன்னு சுருளியாண்டி இன்னொரு வாட்டி என் கடை வாசல்ல வந்து நிக்கக் கூடாது. சரியாயிருச்சுன்னு அவுக கையெழுத்தோட வா. இல்லாட்டி அப்படியே உங்க ஊருக்கு பஸ் ஏறிரு."

அவன் உள்ளே நுழைந்தபோது படம் ஒரு கணம் துல்லியமாக நின்றது. "தெரியலைங்கிறேன்ல!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள் கஸ்தூரியம்மாள். இந்த அம்மாளுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். அதற்குள் திரையில் கோடுகள் விழுந்து படம் மறுபடி துடிக்க ஆரம்பித்தது.

சுருளியாண்டி இறங்கி வந்தார். வீடு சட்டென்று அமைதியானது.

"காப்பி குடிக்கிறாகளான்னு கேளு தம்பி," என்றாள் கஸ்தூரியம்மாள். கேட்க வேண்டியவர் அவளுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

"சீனி கம்மியாப் போடச் சொல்லு தம்பி," என்றார் அவர், சுவரைப் பார்த்து.

வந்தவனை முன்னிறுத்திப் பேசுவது இந்த வீட்டு மரியாதை போலும். இரண்டையும் ஒப்பித்துவிட்டுப் பொன்னுராஜ் வேலையில் இறங்கினான்.

ஸ்டெபிலைசர் முள் சரியான இடத்தில் நின்றது. டி.வி.யின் தலையில் தட்டிப் பார்த்தான். ஆட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியென்றால் கோளாறு பெட்டிக்குள் இல்லை. ஆன்டெனா ஒயரை லேசாக அசைத்ததும் படம் துள்ளியது. ஜன்னலுக்குக் கீழே, பெட்டி மறைக்கும் இடத்தில், ஒயர் பாதி அறுந்திருந்தது. போன வாரம் அவனே ஒட்டுப்போட்ட ஒயர்.

"எலியா இருக்கும்," என்றாள் கஸ்தூரியம்மாள், கேட்காமலே.

எலி கடித்தால் பிய்ந்திருக்கும். இது வெண்டைக்காய் நறுக்கியதுபோல நேராக இருந்தது.

மாடிக்குப் போனான். டி.வி. கோபுரம் இருக்கும் கொடைக்கானலைப் பார்க்க வேண்டிய ஆன்டெனா, கம்பம் ஊர்ப் பக்கம் பார்த்து நின்றது. குழாயை இறுக்கும் நட்டு கழன்று தொங்கியது.

"ஆடிக் காத்து அப்படி அடிக்குது," என்றார் பின்னாலேயே வந்த சுருளியாண்டி.

"காத்து ஸ்பானர் புடிக்குமாய்யா?" நட்டின் விளிம்பில் புதுக் கீறல்கள் இருந்தன. "உங்க மேல யாருக்கோ பொறாமை. வேணும்னே செய்றாய்ங்க."

சுருளியாண்டி தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆன்டெனாவைச் சரியான பக்கம் திருப்பி, நட்டை முடுக்கி, போல்ட்டின் முனையைச் சுத்தியலால் அடித்துப் பரத்தினான். இனி அதைக் கழற்ற ரம்பம்தான் வேண்டும். புது ஒயரை பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, பெட்டியின் முதுகு வரை கொண்டுவந்து ஆணியடித்தான். எந்தப் பொறாமைக்காரனும் இனி கை வைக்க முடியாது.

டி.வி.யைப் போட்டான். பூச்சிமருந்து அடிப்பதைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம் போலிருந்தது.

சுருளியாண்டி நாற்காலியில் உட்கார்ந்தார். கஸ்தூரியம்மாள் அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. படம் ஆடவில்லை. தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. தெரிகிறது என்று யாரும் சொல்லவில்லை. பிறகு அவள் எழுந்து உள்ளே போனாள். அவர் டி.வி.யைப் பார்க்காமல் காலியான அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பாராட்டாவது வரும் என்று எதிர்பார்த்த பொன்னுராஜ் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். சுருளியாண்டி சைக்கிள் வரைக்கும் கூடவே வந்து, கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார்.

"இனிமே கடைப்பக்கம் வர மாட்டேன் தம்பி. உனக்கு ஒரு கெடுதலும் வராது. ஆனா மேல ஏறி, அந்த நட்டைக் கொஞ்சம் லூசாக்கிட்டுப் போ."

"என்னய்யா சொல்றீக?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"மக கல்யாணத்துல ஒரு பேச்சு முத்திப்போச்சு. பதினோரு வருசமா அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இந்தப் பெட்டி வந்த பெறகுதேன், மேல நின்னு நான் கேட்டா, தெரியுது, தெரியலன்னு ஒரு சத்தம் வருது. அதுக்காகத்தேன் நானே கழட்டுவேன்."

பொன்னுராஜுக்கு இரக்கத்தை மீறிக்கொண்டு கோபம் வந்தது.

"எம் பொழப்பே போயிருக்கும்யா! பேசுறதுக்கு நட்டு ஒண்ணு போதாதா? நல்ல ஒயரை எதுக்கு அறுத்தீக?"

சுருளியாண்டி மெல்லத் தலைநிமிர்ந்தார்.

"ஒயரா? நான் ஒயரைத் தொட்டதே இல்லையே தம்பி."