கூடுதல் தட்டு

மலையடிவாரத்து அந்த ஊரின் பெயர் சொலேர். அங்கிருந்த இருபத்தேழு வீட்டாருக்கும் குடும்பப் பெயர் அதுவேதான். 'சொலேர், சொலேர்' என்று மட்டும் முகவரியிட்டு வந்த கடிதத்தை, ஊர் வழக்கப்படி தபால்காரர் ஆர்னாவ் வீடுவீடாகப் படித்துக் காட்டினார். "என்னை மன்னித்துவிடு. ஞாயிறு மதியம் வருகிறேன்." அவ்வளவுதான், கையெழுத்துகூட இல்லை.

"எங்களுக்குத்தான் வந்திருக்கு," என்றாள் ரொட்டிக்கடை மெர்சே. அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். எங்களுக்கில்லை என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே!

ஞாயிறன்று எல்லா வீட்டு மேசையிலும் ஒரு தட்டு கூடுதலாக இருந்தது. பேருந்திலிருந்து இறங்கிய, பார்வை மங்கிய முதியவள், "எல்லாம் மாறிப்போச்சே. சொலேர் வீடு எதுப்பா?" என்று நிறுத்தத்தில் நின்ற தபால்காரரிடம் கேட்டாள்.

மன்னிப்பதற்குக்கூட யாருமில்லாத தனிக்கட்டை ஆர்னாவ் அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு, "இப்படி வாங்க," என்று தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.