பொதுவா ஒரு சந்தேகம்

"பொதுவா ஒரு சந்தேகம் சார்," என்றாள் வக்கீலைப் பார்க்க வந்த பெண். "எட்டு வயசுப் பொண்ணு. வீட்டோட இருக்கிற சித்தப்பா பெல்ட்டால அடிக்கிறார். சட்டத்துல என்ன வழி இருக்கு?"

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். யாராவது சந்தேகம் கேட்டுவிட்டால் போதும், எதிரே நீதிபதி உட்கார்ந்திருப்பதாக அவருக்கு நினைப்பு.

"வழியா இல்ல? போலீஸ்ல புகார் கொடுக்கலாம். குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகலாம். அந்த ஆள் வீட்டுப் படியே மிதிக்கக் கூடாதுன்னு கோர்ட்ல தடை வாங்கலாம்."

"பெத்தவங்கதான் புகார் கொடுக்கணுமா?"

"யார் வேணாலும் கொடுக்கலாம்மா."

"குடும்ப மானம் போயிடும்னு வீட்டுலயே மறைச்சா?"

"மானமாவது மண்ணாங்கட்டியாவது. தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தவனையும் சேர்த்து உள்ள தள்ளணும்." மேசையை ஓங்கித் தட்டினார். "ஆமா, நீங்க குழந்தைக்கு என்ன வேணும்?"

"கிளாஸ் டீச்சர். பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு நீங்க ஒரு தடவைகூட வந்ததில்ல, அதான் என்னை அடையாளம் தெரியல. நான் சொன்னது உங்க பொண்ணைத்தான் சார்."

வக்கீல் எழுந்து போய், ஜூனியர்கள் இருந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"டீச்சர், இது எங்க வீட்டு விஷயம். கோர்ட்டு, கேஸுன்னு எதுக்கு? தம்பி கொஞ்சம் முன்கோபி. போன மாசமே கூப்பிட்டுக் கண்டிச்சு வச்சிருக்கேன்."

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"புகார் காலையிலயே கொடுத்தாச்சு சார். வீட்டுல யாருக்காவது முன்னாடியே தெரியுமான்னு கேட்டாங்க. அதுக்கு மட்டுந்தான் அப்ப என்கிட்ட பதில் இல்ல."