கூட எழுதியவர்கள்

பேராசிரியர் வைத்தியலிங்கம் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் இறந்துபோனார். மதியத்துக்குள் அவரோடு சேர்ந்து ஆய்வுக்கட்டுரை எழுதிய பதினேழு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் கையிலும் மாலை இல்லை. அவர்களில் மூத்தவர் பேராசிரியரின் மனைவி மரகதத்திடம் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்துல எங்களுக்கெல்லாம் மதிப்பெண் போடறாங்க மேடம். இறந்தவரோட சேர்ந்து எழுதினது எதுவும் கணக்குல வராது, வேலை போயிடும். அதுவரைக்கும் வெளியே சொல்லாதீங்க."

மரகதம் மகளைப் பார்த்தாள். நறுமுகையும் அப்பாவோடு ஒன்பது கட்டுரைகள் எழுதியவள். அவள் தலை நிமிரவில்லை.

குளிர்பெட்டியைப் படுக்கையறைக்குள் வைத்தார்கள். அக்கம்பக்கத்துக்குக் கேட்காதபடி மரகதம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நறுமுகை போனோடு வந்தாள்.

"எல்லாரும் தப்பிச்சிட்டோம்மா."

"அப்ப நாளைக்குக் காலைல அப்பாவை எடுத்துடலாம். சித்தப்பாவுக்குச் சொல்லிடு."

நறுமுகை பெட்டியின் மேல் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தாள்.

"இன்னொரு கட்டுரை பாதியில நிக்குதும்மா. அதுல அப்பா பேர் இருந்தாத்தான் ஏத்துக்குவாங்க. அடுத்த மதிப்பெண் மார்ச்லதான்."

 மரகதம் குனிந்து குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். தெருக்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, குரலெடுத்து அழ ஆரம்பித்தாள்.