ஜூன் பதினொன்று

வாசல் கேமராவின் சாஃப்ட்வேர் அரதப் பழசு. கம்ப்யூட்டரின் தேதியைப் பத்து வருடம் பின்னுக்குத் தள்ளினால்தான் படம் காட்டுவேன் என்று அடம்பிடிக்கும். நமச்சிவாயம் தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஜூன் பதினொன்று என்றே மாற்றுவார்.

“புதுசு போட்டுடலாம் சார், ஏன் இதோட மல்லுக்கட்டுறீங்க?” என்றார் பழுதுபார்க்க வந்த ரியாஸ். “எந்தப் பழைய தேதி வெச்சாலும் திறக்குமே. எப்பவும் பதினொண்ணுதானா?”

“பத்து வருஷம் முன்னாடி, அதுக்கு மறுநாள்தாம்ப்பா எம்பொண்ணு கோவிச்சிட்டுப் போனா. தடுக்கக்கூட நான் சோபாவ விட்டு எந்திரிக்கல.”

அன்று இரவு கம்ப்யூட்டரை அணைக்க மறந்துவிட்டார். விடிந்து பார்த்தபோது திரையின் மூலையில் ஜூன் பன்னிரண்டு என்றிருந்தது. செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே நடந்தார். ஆளில்லாத அறையின் திரையில், வெறுங்காலோடு ஒருவர் கேட்டின் தாழ்ப்பாளை இறுகப் பிடித்தபடி வீட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.