எப்ப வந்தாலும் ஆள் இருக்கும்

“டெய்லர் கடைங்க! பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ரெண்டாவது சந்து, மெடிக்கல் ஷாப்புக்குப் பக்கத்துக் கடை. எப்ப வந்தாலும் ஆள் இருக்கும், வாங்க!”

மூச்சு விடாமல் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள் லவுட்ஸ்பீக்கர். பள்ளிக்கூடத்தில் கிடைத்த பட்டப்பெயர். போனை எடுத்தால் ஹலோ சொல்லும் பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. நேராகக் கடைக்கு வழிதான்.

காலையிலிருந்து இது மூன்றாவது போன், எடுத்தால் மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை, ஜாக்கெட் தைக்க வருகிறவர்களுக்கு அப்படி என்ன கூச்சமோ என்று அலுத்துக்கொண்டாள்.

அந்தப் பட்டப்பெயரை அவளுக்கு வைத்தவள் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று, பாவம்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டை விட்டு வந்தவள் அவள். இந்த ஊரில் இருப்பது அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என்ன ஆகும் என்பதைக் கட்டுப் போட்ட அவள் இடது கையைப் பார்த்தாலே போதும்.

சும்மா சொல்லக் கூடாது, எல்லாம் யோசித்துத்தான் செய்திருந்தாள். சிம்மை மாற்றினாள். பெற்ற தாயிடம்கூட ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அவன் காதில் பெயர்கூட விழுந்திராத தோழியாகப் பார்த்துத் தேடி வந்தாள்.

மடியில் ஆபீஸ் லேப்டாப்.

ஓர் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது அவள் வேலை. எது யாரிடம் சட்டென்று கிடைக்கும் என்பது அவள் ஒருத்திக்குத்தான் அத்துப்படி. தான் இல்லாத நேரத்தில் மருந்து கிடைக்காமல் ஓர் உயிர் போய்விட்டால்? அந்தப் பயத்தில், லீவு போடும்போதெல்லாம் மெயில் அனுப்புகிறவர்களுக்குத் தானாகவே போகும்படி ஒரு பதிலை எழுதி வைத்துவிடுவாள். அவசரமென்றால் கூப்பிட ஒரு நம்பரும் அதில் இருக்கும்.

இந்த முறையும் வைத்திருந்தாள். புது சிம் நம்பரைக் கொடுக்கப் பயமாக இருந்ததால், ஊரின் எஸ்.டி.டி. கோடோடு கடை நம்பரைக் கொடுத்திருந்தாள்.

அந்த மெயிலுக்கு மருந்துக்காரர்களையும் டாக்டர்களையும் விட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்!

வந்திருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஊசி மருந்து. குளுக்கோஸ். கையுறை.

அடுத்தது வெறும் மெயில். தலைப்பும் இல்லை, உள்ளே ஓர் எழுத்தும் இல்லை.

அனுப்பியவன் பெயரைப் பார்த்தாள். அவள் புருஷன்.

நேற்று அனுப்பியிருக்கிறான். அதே நிமிடத்தில் பதிலும் போயிருக்கிறது, அவள் பெயரைப் போட்டு, மரியாதையாக. அவசரத் தேவைக்கு இந்த எண்ணில் தயங்காமல் அழைக்கவும்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து லவுட்ஸ்பீக்கர் குனிந்து திரையைப் படித்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

திட்டவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணிக் குவியல் மேல் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“எந்திரிடி. என் நாத்தனார் வீட்டுக்குப் போயிடலாம்.”

மூன்று தெருவுக்குக் கேட்கும் அந்தக் குரல், பக்கத்தில் இருந்தவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த போன், அதற்குப் பிறகு அடிக்கவே இல்லை.