நாலாம் மாடிப் பூட்டு

“ஸ்க்ரூ திருகுறதுக்கு எதுக்குய்யா இஸ்திரி போட்ட சட்டை?”

வீட்டுக்காரர் ஷவ்கி வாசலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். துப்பிய தொலி ரிஃபாத்தின் முழங்காலருகே வந்து விழுந்தது. கதவின் முன் மண்டியிட்டிருந்த ரிஃபாத் நிமிரவில்லை. பழைய பூட்டைக் கழற்றுவதிலேயே கண்ணாக இருந்தான்.

இரண்டாம் மாடியில் போன வாரம் திருடன் புகுந்துவிட்டான். அன்றிலிருந்து கட்டடம் முழுக்கப் பூட்டுப் பேச்சுதான். அதனால், நாலாம் மாடி தஹானி அம்மாள் போன் செய்து, நல்ல கெட்டியான பூட்டாகப் பார்த்து மாட்டித் தரச் சொன்னபோது ரிஃபாத் ஏன் என்று கேட்கவில்லை.

கேட்கும் நிலையிலும் அவன் இல்லை. நெசவாலையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன். ஆலை மூடியதும் ஒரு பழைய ஸ்கூட்டரும் துளைபோடும் மெஷினும் வாங்கி, ‘கதவு முதல் குழாய் வரை’ என்று அட்டை அச்சடித்துத் தொழில் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. அலெக்சாண்ட்ரியா கடற்கரைச் சாலையில், நாற்பது வீடுள்ள இந்தக் கட்டடத்தில் இதுதான் முதல் வேலை. ஷவ்கி வாய் திறந்து ஒரு வார்த்தை கெடுதலாகச் சொன்னால், நாளைக்குக் காவல்காரன் அவனைப் படியேறவே விடமாட்டான்.

என்ன படித்திருக்கிறாய் என்று ஷவ்கி கேட்டார். டிப்ளமா என்றான் ரிஃபாத். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, டிப்ளமாக்காரன் வந்து நம் வீட்டு வாசலில் முட்டிபோட்டிருக்கிற அழகைப் பார் என்று மனைவியைக் கூப்பிட்டார்.

தஹானி வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. ரிஃபாத்துக்கென்று ஒரு கண்ணாடி கிளாஸில் தேநீர் கொண்டுவந்திருந்தாள். ஷவ்கி கையை நீட்டி அதை வாங்கித் தானே ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தார்.

“பதினெட்டு வருஷமா இவளுக்கு ஒரு டீ போடத் தெரியல. நீயாவது பூட்டை ஒழுங்கா மாட்டுறியா பாப்போம், மேஸ்திரி.”

அவள் உள்ளே போனாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூசிய ரிஃபாத், திருப்புளியைக் கொஞ்சம் அழுத்தியே திருகினான். சொந்த வீட்டு பல்பைக் கழற்றி மாட்டத் துப்பிருக்காது இந்த ஆளுக்கு என்று மனசுக்குள் ஒரு முறை சொல்லிக்கொண்டான். சற்று ஆறுதலாக இருந்தது.

புதுப் பூட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன் அவன் எழுந்து நின்று வீட்டுப் பத்திரத்தைக் கேட்டான். தொழில் தொடங்கிய புதிதில் ஒருத்தன், வேறு யாருடைய வீட்டையோ தன் வீடென்று சொல்லித் திறக்க வைத்துவிட்டான். போலீஸ் நிலைய பெஞ்சில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்ததோடு, பத்திரம் பார்க்காமல் பூட்டைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தான்.

“ஆணி அடிக்க வந்தவன் பத்திரம் கேக்குறான் பாரு. நீ என்ன ஜட்ஜா?” என்றார் ஷவ்கி.

தஹானி பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளுடைய அப்பா அவள் பேருக்கு எழுதி வைத்த வீடு. ரிஃபாத் பேரைக் குறித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். அரை மணியில் பூட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்று சாவியும் இருந்த உறையைப் பிரிக்காமல், பத்திரத்தில் இருந்த பேருக்கு உரியவளிடமே கொடுத்தான்.

இதற்கும் ஷவ்கி கோபித்துக்கொள்வார் என்று பயந்தான். அவர் அலட்சியமாகக் கையை வீசினார்.

“அவகிட்டயே இருக்கட்டும். நான் எதுக்குச் சாவியைத் தூக்கிட்டு அலையணும்? மணி அடிச்சா வந்து திறக்கத்தானே இவ இருக்கா?”

ரிஃபாத் தரையைக் கூட்டி, தொலிகளையும் சேர்த்து அள்ளி, கருவிப் பையோடு வெளியே வந்தான். ஷவ்கிக்கு அவனை அப்படி நிம்மதியாக அனுப்ப மனமில்லை. வீட்டு அங்கியும் ரப்பர் செருப்புமாக அவரும் பின்னாலேயே வந்து நின்றார்.

“இரு, இரு. நான் சோதிச்சுப் பாக்காம உன்னை விடுறதா இல்ல.” பிறகு உள்ளே பார்த்து அதட்டினார். “ஏய், கதவைச் சாத்திப் பூட்டு.”

கதவு சாத்திக்கொண்டது. சாவி உள்ளே மூன்று சுற்றுச் சுற்றும் சத்தம் கேட்டது. ஷவ்கி கைப்பிடியை முறுக்கினார், தோளால் முட்டினார், செருப்புக் காலால் ஓர் உதை விட்டார். கதவு இம்மியும் அசையவில்லை.

“பரவால்ல மேஸ்திரி, உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்க” என்று மூச்சு வாங்கியபடி சொல்லிவிட்டு, கதவைத் திறக்கச் சொல்லி மணியை அடித்தார். யாரும் வரவில்லை. மறுபடியும் அடித்தார். இன்னொரு முறை அடித்தபோது அவர் விரல் மணியைவிட்டு எடுபடவே இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், தஹானியின் குரல் நிதானமாகக் கேட்டது.

“உங்க துணிமணியெல்லாம் நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே உங்க அம்மா வீட்டுக்குப் போயாச்சு.”