நொட்டைச்சாமிக்கு ஒரு வீடியோ

"அண்ணி, நொட்டைச்சாமி வந்துட்டார்!"

நாத்தனார் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி தையல் கடைக்குள் ஓடி வந்தாள். டெய்லரம்மா மெஷின் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

"படி. இன்னிக்கு என்ன நொட்டையாம்?"

"'காலர் தைக்கும் வீடியோ கேட்டேன். இதை இப்படி மடிச்சு, இங்க குத்தி, அப்படியே இழுங்க என்கிறீர்கள். எதை? எப்படி? எங்கே? மெஷின் ஓடும்போது பேசுவது காதில் விழவில்லை. உங்களுக்கு நல்ல குரல். ஆனால் நீங்கள் தைக்கிறீர்கள், சொல்லித்தரவில்லை.'"

கடைசி வார்த்தை சுருக்கென்று குத்தியது. தையல் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலை கேட்டுப் போனபோது, அதை நடத்துகிற அம்மாளும் இதையேதான் சொன்னாள். இவள் தைத்த சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தைக்க வருது, சொல்லித்தர வரலை" என்று கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். அந்த ரோஷத்தில் ஆரம்பித்ததுதான் இந்தச் சேனல். தனக்குச் சொல்லித்தர வரும் என்று ஒருத்தராவது சொல்லிவிட வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடும். பார்க்கிறவர்களே கொஞ்சம் பேர். அவர்களும் 'சூப்பர் அக்கா' என்று போட்டுவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் கடைசிவரை உட்கார்ந்து குறை எழுதுகிற ஒரே ஆள், பெயரும் படமும் இல்லாத இந்த மனுஷர்தான்.

"போன தடவை நான் என்ன பதில் போட்டேன்?"

"'கண்ணைத் தொறந்து பாருங்க சார், புரியும்'னு போட்டீங்க."

"அதுக்கு?"

"ஒண்ணும் சொல்லலை." நாத்தனார் கொஞ்சம் தயங்கினாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நீங்க இதை, அதைன்னுதான் சொல்றீங்க."

"நீ யார் பக்கம்டி?"

"உங்க பக்கம்தான். அதான் சொல்றேன். பிடிக்கலைன்னா பிளாக் பண்ணிடவா?"

"பிளாக்கா? நான் பயந்து ஓடிட்டேன்னு அவர் நினைக்கவா? எல்லாத்தையும் வாயால சொல்லணுமாமே துரைக்கு! சொல்லிட்டாப் போச்சு."

கறுப்பு லைனிங் துணியில் ஒரு துண்டைக் கத்தரித்து, ஃபோன் கேமராவின் மேல் அழுத்தி ஒட்டினாள்.

"ஐயோ அண்ணி, படமே தெரியாது!"

"தெரிய வேண்டாம். ரெக்கார்டை அழுத்து."

நாத்தனார் அழுத்தினாள். டெய்லரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எதிரில் ஆளே நிற்பதுபோல் ஆரம்பித்தாள்.

"குறை சொல்ற ஐயாவுக்கு வணக்கம். இது உங்களுக்காகவே போடற வீடியோ. பேன்ட் அடியை மடிச்சுக் கையால தைக்கப் போறோம். என் வாய் சொல்றதை உங்க கை செய்யட்டும். தைக்க வரலைன்னா என் மேலதான் குத்தம், இந்தச் சேனலையே மூடிடறேன். வந்துதுன்னா அப்புறம் நீங்க வாயைத் தொறக்கக் கூடாது."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பேன்ட்டை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்புங்க. திருப்பியாச்சா மகராசா?"

நக்கல் அதற்கு மேல் செல்லுபடியாகவில்லை. 'இதை' என்று வாயில் வரும், கேமரா மேல் இருக்கிற கறுப்புத் துண்டு கண்ணில் படும், நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு வார்த்தை தேடுவாள்.

"அடியை ஆள்காட்டி விரலோட முதல் கணு அளவுக்கு மடிங்க. மடிப்புக்குள்ள விரலை விட்டுப் பாருங்க, கணு வரைக்கும் போகணும். மடிப்போட ஓரத்தை இடது கட்டைவிரலால அழுத்திக்கோங்க. ஊசி அந்தக் கட்டைவிரல் நகத்தை ஒட்டித்தான் ஏறணும். வெளித்துணியில ரெண்டு இழை எடுத்தாப் போதும். துணிக்கு அந்தப் பக்கம் இருக்கிற விரல்ல ஊசி முனை லேசா உரசினா சரி. குத்திச்சுன்னா அதிகமா எடுத்துட்டீங்கன்னு அர்த்தம்."

தன் விரல்கள் இத்தனையும் செய்கின்றன என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆனால் முடித்ததும் ஞாபகமாகத் திரும்பி வந்துவிட்டது.

"அப்படியே ஏத்திவிடு. ஜெயிக்கறது யாருன்னு பார்த்துடலாம்!"

மறுநாள் கடை திறந்ததும் திறக்காததுமாக நாத்தனார் ஃபோனோடு வந்தாள்.

"'அக்கா, படம் வரலை.' 'ஃபோனைக் கீழ போட்டுட்டீங்களா?' 'கரண்ட் பில் கட்டலையாக்கா?'"

டெய்லரம்மா கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். "இதெல்லாம் கிடக்கட்டும். அந்த ஆளு வந்தாரா, இல்லையா?"

"வந்திருக்கார்." நாத்தனாரின் குரல் இறங்கியிருந்தது.

"என்னடி மென்னு முழுங்கறே? மூடணும்னா மூடிடறேன், எனக்கென்ன பயம்? சத்தமாப் படி."

நாத்தனார் படித்தாள்.

"'டீச்சர், ஜெயித்துவிட்டீர்கள். நானே தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஆனாலும் வாயை மூட மாட்டேன், முடிச்சுப் போடுகிற இடத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள். உனக்கெல்லாம் சொல்லித்தர முடியாது என்று தையல் பள்ளியில் என்னைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். நீங்கள் சொல்லித்தந்துவிட்டீர்கள். ஒரே ஒரு சந்தேகம். இந்த வீடியோவில் படமே தெரியவில்லை என்று மற்றவர்கள் எழுதியிருப்பதாக என் ஃபோன் வாசித்துக் காட்டுகிறது. அப்படியா? எனக்கு உங்களுடைய எல்லா வீடியோக்களும் இப்படித்தான் இருந்தன.'"